ஆழ்வார்பேட்டையில் விருந்தாளியை எங்கே சாப்பிட அழைத்துப் போவது?

சென்னை ஆழ்வார்பேட்டையில், டி.டி.கே. சாலையை ஒட்டிய ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு மந்தைவெளி. மதுரையிலிருந்து சித்தப்பா வந்தாலும், சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் வந்தாலும், கணக்கு முடிக்க வெளியூர் கிளையன்ட் வந்தாலும் "எங்க சாப்பிடப் போலாம்?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். கதீட்ரல் சாலை, ராதாகிருஷ்ணன் சாலை, சி.பி. ராமசாமி சாலை, சேமியர்ஸ் சாலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கே சாப்பிட இடம் உண்டு. யாரை எங்கே கூட்டிப் போவது என்பதில்தான் யோசனை தேவைப்படுகிறது.

பணக்காரர்கள் வசிக்கிற போட் கிளப்பும் போயஸ் தோட்டமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பகுதி இது. உணவகங்களும் அவர்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. மங்கலான விளக்கு, ஆங்கிலத்தில் மட்டும் மெனு, ஒரு மேஜைக்கு இரண்டு பேர் பரிமாற நிற்பது. அடிக்கடி போகிறவர்களுக்கு இதெல்லாம் சுகம். முதல் தடவை வருகிற பெரியவர்களுக்குக் கூச்சம். கூச்சத்தோடு உட்கார்ந்தவருக்கு எவ்வளவு நல்ல சாப்பாடும் இறங்காது. அதனால் எந்தக் கடையில் எது பிரமாதம் என்று பார்ப்பதற்கு முன்னால், வருகிறவர் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவாரா என்றுதான் நான் பார்ப்பேன்.

எங்கள் சித்தப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். வைகை எக்ஸ்பிரஸில் மதியம் எழும்பூர் வந்து இறங்கியவர், ரயிலில் இரண்டு வடையைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இரவு ஒரு நல்ல உணவகத்தில் மெனு அட்டையைக் கையில் கொடுத்ததும் அவர் கண் நேராக வலது ஓரத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், விலையை மட்டும் படித்தார், அட்டையை மூடி வைத்தார். "எனக்குப் பசியே இல்லம்மா. ஒரு தயிர் சாதம் மட்டும் சொல்லு, போதும்." நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அடுத்தவர் காசில் நாலாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட மனசு வராது. அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, விலை தனித்தனியாகக் கண்ணில் படாத சாப்பாடு. இலைச் சாப்பாடு, வடநாட்டுத் தட்டுச் சாப்பாடான ‘தாலி’, பஃபே எல்லாம் இந்த வகை. ஆளுக்கு இவ்வளவு என்று முன்பே முடிந்துவிட்ட கணக்கு என்பதால், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் யாருக்கும் செலவு கூடாது. அது தெரிந்தவுடன் சித்தப்பா போன்றவர்கள் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள். சைவம் என்றால் ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸில் மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க எனக்குப் பிடிக்கும். உயரமான கூரை, நல்ல வெளிச்சம், அவசரப்படுத்தாத சர்வர்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களும் பக்கத்து ஆபீஸ்காரர்களும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். யார் வேட்டியில் வந்தார்கள், யார் ஷூ போட்டு வந்தார்கள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு வழி, முன்கூட்டியே பேசி வைப்பது. காலையில் உணவகத்துக்கு ஃபோன் செய்து, "ராத்திரி நாலு பேர் வரோம், மெனு கார்டு கொண்டு வராதீங்க, நான் சொல்ற அயிட்டத்தை மட்டும் வரிசையா எடுத்து வாங்க" என்று சொன்னால் பெரும்பாலான இடங்களில் சந்தோஷமாகச் செய்கிறார்கள். உள்ளே போனதும் மேஜைகளை மேற்பார்க்கிற கேப்டனிடம் கார்டையோ பணத்தையோ கொடுத்து, பில்லை மேஜைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுவேன். பில் வந்தவுடன் "நான் கொடுக்கிறேன், நீ சும்மா இரு" என்று கையைப் பிடித்து இழுக்கும் வழக்கம் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. சொந்தக்காரர்களுக்கு நடுவில் அது வெறும் பாசம். வருமானம் குறைந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அந்த ஐந்து நிமிடமும் அவருக்கு வேதனை.

நட்சத்திர ஓட்டல் பஃபே பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் காசைக் கொட்டுகிற விஷயமாகவே நினைக்கிறார்கள். செயின்ட் மேரீஸ் சாலை ரெயின்ட்ரீ, ராதாகிருஷ்ணன் சாலை சவேரா மாதிரி இந்தப் பகுதி ஓட்டல்களில் சாப்பிடும் எண்ணம் இருந்தால் வார நாள் மதியம் எந்த மாதிரி பஃபே, என்ன விலை என்று ஃபோனில் கேளுங்கள். பொதுவாக எந்த ஓட்டலிலும் வார நாள் மதியம் விலை குறைவு, ராத்திரி கூடுதல், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை ‘பிரஞ்ச்’ எல்லாவற்றையும்விட அதிகம். பண்டிகை நாளிலும் டிசம்பர் 31 ராத்திரியும் விலை வேறு மாதிரி. குழந்தைகளுக்கு எந்த வயதுவரை பாதி விலை என்பதும் இடத்துக்கு இடம் மாறும், அதையும் கேட்டுவிடுங்கள். கதவைத் தாண்டி உட்கார்ந்தபின் விசாரிப்பதைவிட வீட்டிலிருந்தே கேட்டுவிடுவது நல்லது.

பஃபேயில் பெரியவர்களைத் தட்டோடு தனியே அனுப்பாதீர்கள். முதலில் வெறும் கையோடு ஒரு சுற்று கூட்டிப் போய், "அத்தை, இது பனீர், இது காளான், அந்த மூடி போட்டதெல்லாம் அசைவம், தோசை அங்க சுடச்சுட வார்த்துத் தராங்க" என்று காட்டிவிட்டு, அப்புறம் தட்டை எடுக்கச் சொல்வேன். இல்லாவிட்டால் முன்னால் நிற்கிற சூப்பையும் பிரெட்டையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற நல்ல அயிட்டமெல்லாம் அவர்கள் கண்ணிலேயே படாது.

வெளிநாட்டுச் சமையல் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று நாமாகவே முடிவு கட்டுகிறோம். என் அனுபவம் வேறு. மாமியாரைத் தாய்லாந்துச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இந்தப் பகுதியில் அதற்குப் பெயர் பெற்றது டி.டி.கே. சாலையில் உள்ள பெஞ்சரோங். பச்சை நிறக் குழம்பு ஒரு கிண்ணத்தில் வந்தது. மேலே துளசி மாதிரி இலை, கத்தரிக்காய்த் துண்டுகள், தேங்காய்ப்பால் லேசாகப் பிரிந்து எண்ணெய் மிதக்கிறது. அத்தை முதலில் கரண்டியால் கொஞ்சம் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். "இதுல அரத்தை போட்டிருக்கான்டி. நாம கஷாயத்துல போடுவோமே, அந்த வாசனை." உண்மைதான். அந்தக் குழம்பின் அடிப்படை விழுதில் சேர்வது நம் நாட்டு மருந்துக் கடையில் பேரரத்தை என்று விற்கிற அதே கிழங்கு. கூடவே எலுமிச்சைப்புல், பச்சை மிளகாய், ஒருவகை எலுமிச்சை இலை. சோற்றில் அந்தக் குழம்பை விட்டுப் பிசைந்தார், கையாலேயே சாப்பிட்டார். ஸ்பூன் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக்கு வந்து தேங்காய்ப்பாலில் ஒருநாள் அதே மாதிரி செய்து பார்க்கலாம் என்றார்.

சைவக்காரர்களை அங்கே கூட்டிப் போகும்போது ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தாய்லாந்துச் சமையலில் உப்புக்குப் பதிலாக மீன் சாஸ் சேர்ப்பது வழக்கம். குழம்பு விழுதிலும் இறால் விழுது அரைத்துச் சேர்ப்பதுண்டு. காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. "மீன் சாஸ், இறால் விழுது இரண்டும் இல்லாமல் செய்வீங்களா?" என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நல்ல இடங்களில் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்கள். சீனச் சாப்பாட்டில் சிப்பி சாஸ் இதே மாதிரி மறைந்திருக்கும். இத்தாலியச் சாப்பாட்டில் பார்மெசான் சீஸ் செய்யக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற நொதியைச் சேர்ப்பது மரபு. திராமிசு என்ற இனிப்பில் முட்டை உண்டு. ஜைன நண்பர்கள் வந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் எதுவும் கூடாது என்பதை ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொன்னால் பாவம், சமையலறைக்கும் வழியில்லை.

பங்களா கஃபேக்கள் வேறு ரகம். பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முன் ஹாலில் துணிக்கடை, பின்னால் மர நிழலில் மேஜை போட்டு நடத்துவது சென்னையில் ஒரு தனி மரபாகவே ஆகிவிட்டது. சேமியர்ஸ் சாலையில் சேமியர்ஸ் கஃபே அப்படி. ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலை அமெதிஸ்டும் அப்படி. அமெதிஸ்ட் முதலில் கோபாலபுரத்தில் ஜெய்ப்பூர் காலனி பங்களா ஒன்றில் இருந்தது, பின்னர்தான் ஒயிட்ஸ் சாலைக்கு மாறியது. இந்த மாதிரி இடங்களில் காபியும் ஒரு சாண்ட்விச்சும் என்ன விலை என்று கணக்குப் பார்த்தால் மனசு ஆறாது. ஆனால் நகரத்தின் நடுவில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச வேறு எங்கே இடம் இருக்கிறது? ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிற சிநேகிதியோடு பேச வேண்டும், கல்யாணப் பேச்சில் பையனும் பெண்ணும் முதல் தடவை சந்திக்க வேண்டும் என்றால் அந்தக் காசு தகும். பசியோடு இருக்கிறவரை அங்கே கூட்டிப் போகாதீர்கள். மே மாத மதியத்தில் வெளி மேஜையும் வேண்டாம்.

விளக்கும் சத்தமும் யாரும் கவனிக்காத விஷயங்கள். ஓர் உணவகத்தில் அம்மா ஃபோன் டார்ச்சை அடித்துக்கொண்டுதான் மெனுவைப் படித்தார். கண்புரை அறுவை முடிந்த கண். எதிரில் இருந்த விளக்கு முகத்தில் அடிக்கிறது, மேஜையில் மட்டும் இருட்டு. அதேபோல் கண்ணாடிச் சுவரும் வெறும் சிமென்ட் தரையுமாக இருக்கிற புதுக் கடைகளில் சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் போனால், பக்கத்தில் இருப்பவர் சொல்வதே காதில் விழாது. காதுக் கருவி வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். கருவி அவர்களோடு பேசுகிறவர் குரலை மட்டுமல்ல, தட்டுச் சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எனவே பெரியவர்களோடு போனால் ஏழு மணிக்கே போய்விடுவேன். சுவரோரம் ஒரு மேஜை கேட்பேன். பெரியவரைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தால் பின்னாலிருந்து வருகிற சத்தமாவது குறையும். படிக்கட்டு உண்டா, லிஃப்ட் வேலை செய்கிறதா, கழிவறை அதே மாடியில் இருக்கிறதா என்ற மூன்றையும் மேஜைக்குச் சொல்லும்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் இதற்காக உங்களை மனதார வாழ்த்துவார்கள்.

பரிமாறுகிறவர்களில் பலர் வடகிழக்கிலிருந்து வந்த பிள்ளைகள். ரொம்ப மரியாதையான பிள்ளைகள், ஆனால் தமிழ் தெரியாது. ஆங்கிலம் பேசத் தயங்குகிற பெரியவர் அங்கே வாயே திறக்க மாட்டார், நாம் சொல்வதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நான் உள்ளே நுழையும்போதே, "தமிழ் பேசுறவங்க யாராவது எங்க மேஜைக்கு வர முடியுமா?" என்று கேட்பேன். முகம் சுளித்தவர்கள் யாருமில்லை. சித்தப்பாவிடம் ஒரு கேப்டன் வந்து, "அண்ணே, காரம் தூக்கலா வேணுமா, மட்டா வேணுமா?" என்று கேட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு தயிர் சாதம் பேச்சே இல்லை. மீன் வறுவலுக்கு மசாலா எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் கேப்டனுக்கே சித்தப்பா விளக்கம் சொன்னார்.

பில் விஷயம் என் தொழிலோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். உணவகத்தில் பொதுவாக ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதேதான். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். நாலு பேர் 4,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வெளி உணவகத்தில் வரி 200, அந்த மாதிரி ஓட்டலுக்குள் 720. மெனுவில் போட்டிருக்கும் விலை வரி சேர்க்காத விலை என்பதை மறந்துவிட்டால் கடைசியில் திடுக்கென்று இருக்கும். சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் இருக்கிற மெஸ்கள் உங்களிடம் வரி வசூலிக்கவே கூடாது. பில்லிலேயே அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

அடுத்து சர்வீஸ் சார்ஜ். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது: உணவகம் தானாகவே சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிட்டவர் விருப்பம், வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறையை உறுதி செய்தது. அப்படியும் சில இடங்களில் இன்னும் சேர்க்கிறார்கள். இந்தப் பகுதியில் ஒரு கஃபேயில் 10 சதவீதம் போட்டு வந்தது. 4,000 ரூபாய்க்கு 400, அந்த 400க்கும் சேர்த்து ஜிஎஸ்டி. பில்லைக் கொண்டு வந்த பையனிடம் குரலை உயர்த்தாமல், "தம்பி, சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க" என்றேன். அவன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வந்தார். "மேடம், இது எங்க பாலிசி." "சரிங்க, ஆனா கட்டாயம் கிடையாது இல்லையா? நான் இந்தத் தம்பி கையில தனியா குடுத்துக்கிறேன்." இரண்டு நிமிடத்தில் வேறு பில் வந்தது. பரிமாறின பிள்ளைக்கு நேராகவே கொடுத்துவிட்டு வந்தோம். சர்வீஸ் சார்ஜை எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். விருந்தாளி முன்னால் இந்தப் பேச்சு நடக்கக் கூடாது என்பது மட்டும் என் எண்ணம். எழுந்து கவுன்டருக்குப் போய்ப் பேசிவிடுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். உட்கார்ந்ததும் பாட்டிலைத் திறக்க வருவார்கள். "சாதா தண்ணி குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போயிற்று. திறந்தபின் எம்.ஆர்.பி.யைக் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை. உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கிற பாட்டிலுக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது. டிஸ்ட்ரிக்ட், ஈஸிடைனர், ஸ்விகி டைன்அவுட் போன்ற செயலிகளில் வருகிற தள்ளுபடி நல்லதுதான், ஆனால் பஃபேக்கும் பண்டிகை நாளுக்கும் அது செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டியலை நம்பி ஆட்டோ ஏறாதீர்கள். இது எனக்கு வருத்தமான விஷயமும்கூட. டி.டி.கே. சாலையின் தெற்கு முனையில், இங்கே பலர் கடைசிவரை பார்க் ஷெரட்டன் என்றே சொல்லிவந்த ஓட்டலில் தக்ஷிண் இருந்தது. 1989ல் தொடங்கியது. தென்னிந்தியாவின் நாலு மாநிலச் சமையலையும் நட்சத்திர ஓட்டல் மேஜையில் முதல் வரிசையில் உட்கார வைத்த இடம். வெள்ளித் தட்டில் வாழையிலை விரித்துப் பரிமாறுவார்கள். வெளிநாட்டு விருந்தாளி யார் வந்தாலும் யோசிக்காமல் அங்கே கூட்டிப் போகலாம். அந்த ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் போயிற்று. 1962லிருந்து காருக்குள்ளேயே தட்டை மாட்டி டிபன் கொடுத்த இடம், 2008ல் மூடினார்கள், இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. ஆழ்வார்பேட்டையில் நிலத்தின் மதிப்பு இருக்கிற நிலையில் ஓர் உணவகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், அந்த மனையில் குடியிருப்பு கட்டினால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். நல்ல கடைகள் திடீரென்று காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிடித்த இடம் இருந்தால் "அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். போகும் முன் ஒரு ஃபோன் போடுங்கள்.

அசைவம்தான் வேண்டும் என்கிற மதுரைக்காரர்களுக்கு ராயப்பேட்டை பொன்னுசாமி இருக்கிறது. 1954லிருந்து நடக்கிற கடை, ஆட்டோவில் பக்கம்தான். அங்கே சித்தப்பாவுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

சிங்கப்பூர் நாத்தனார் விஷயம் நேர் எதிர். அவளுக்குப் பளபளப்பான உணவகம் அங்கேயே ஏராளம். இங்கே வந்தால் டிபன்தான் வேண்டும். மயிலாப்பூர் பக்கத்திலேயே இருப்பது நமக்குப் பெரிய வசதி. அருண்டேல் தெரு ராயர் மெஸ் காலையிலும் மாலையிலும்தான், மதியச் சாப்பாடு கிடையாது. கொஞ்சம் பேர்தான் உட்கார முடியும், மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும். ஞாயிறு எட்டு மணிக்குப் போனால் காத்திருப்பு நீளம். வார நாளில் ஏழு மணிக்குள் போய்விட்டால் இட்லி ஆவி பறக்க வரும். கெட்டிச் சட்னி, பொங்கல், வடை. அதைச் சாப்பிட்டு முடிக்கும்போது காபி. வெளியே ஆள் நிற்கிறார்கள் என்று தெரிந்து சாப்பிட்டவுடன் எழுந்துவிடுவது அங்கே மரியாதை. உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசலாம். மாட வீதியில் காளத்தி கடையில் ரோஸ் மில்க், பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் பஜ்ஜி என்று ஒரு மாலை முழுவதையும் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் காபி சொல்லும்போதே "சர்க்கரை தனியா" என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலான இடத்தில் சர்க்கரை போட்டே கலந்து வைத்திருப்பார்கள்.

காரில் போவதாக இருந்தால் இப்போதைக்கு மெட்ரோ வேலையையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் லஸ், ஆழ்வார்பேட்டை, கச்சேரி சாலைப் பக்கமாகத்தான் போகின்றன. ஒருவழிப் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மயிலாப்பூர் சந்துகளுக்கு ஆட்டோ மேல்.

மார்கழியில் வருகிறவர்களுக்கு இவ்வளவு யோசனையும் தேவையில்லை. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி ஆரம்பம் வரை, இசைக் கச்சேரி நடத்துகிற சபாக்களில் கேன்டீன்கள் நடக்கும். டி.டி.கே. சாலையிலேயே மியூசிக் அகாடமி, நாரத கான சபா இரண்டும் இருக்கின்றன. பெரும்பாலான சபா கேன்டீன்களில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. மவுண்ட்பேட்டன் மணி, ஞானாம்பிகா, சாஸ்தாலயா, மின்ட் பத்மநாபன் என்று கல்யாணச் சமையலில் பெயர் வாங்கியவர்களின் கைவண்ணத்தை, கல்யாணப் பத்திரிகை இல்லாமலேயே சாப்பிடக் கிடைக்கிற சந்தர்ப்பம் இது. எந்தச் சபாவில் யார் சமையல் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், பத்திரிகைகளில் முன்கூட்டியே போடுவார்கள். அக்காரவடிசல், கீரை வடை, வாழைப்பூ வடை, காசி அல்வா என்று தினமும் மெனு மாறும். இந்தப் பகுதியிலேயே சித்தப்பாவும் சிங்கப்பூர் நாத்தனாரும் கிளையன்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி ரசித்துச் சாப்பிட்டது சபா கேன்டீனில்தான்.

இலைச் சாப்பாடு வேண்டுமானால் வார நாளில் பந்தி ஆரம்பிக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்கு மேல் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள், பெரியவர்களுக்கு அது பதற்றம். மாலையில் இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில்தான் கூட்டம் ஒரேயடியாக வந்து விழும். பெரிய வித்வான் மேடையில் உட்கார்ந்து அரை மணி ஆனபின் கேன்டீன் காலியாகிவிடும், அந்த நேரம் டிபனுக்கு நல்லது. டோக்கன் வாங்கும்போதே காபிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டு முடித்தபின் மறுபடி க்யூவில் நிற்க வேண்டும். சில்லறையும் கையில் இருக்கட்டும், கூட்ட நேரத்தில் அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காமல் ஃபோனில் பணம் போவது தாமதமாகும்.